ப்ரோ, ஹொரைசன்?

"கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து எடுத்திருக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இடது பக்கம் கூவம்.

நேற்று ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் வந்த கருத்து இது. சிந்தாதிரிப்பேட்டையை மூன்று பக்கமும் கூவம் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஆற்றோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைச் சாயங்கால வெயிலில் எடுத்திருந்தேன். எனக்கு இடது பக்கம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு. நகர்ந்திருந்தால் கம்போசிஷன் பிரமாதமாக வந்திருக்கும், போட்டோ குழுவில் போடத்தான் ஆள் இருந்திருக்காது. அந்தக் கருத்துக்கு எட்டுப் பேர் கட்டைவிரல் வேறு தூக்கியிருக்கிறார்கள். எட்டில் ஒருவர் எங்கள் தெருக்காரர். ஆறு எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

படம் போட்டுக் கருத்து கேட்கிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும், அதனால் விளக்கவில்லை. 'குறைகளைத் தயங்காமல் சுட்டிக்காட்டவும்' என்று எழுதுகிறோம். யாராவது தயங்காமல் சுட்டிக்காட்டினால், அந்த ஆள் இதுவரை என்ன கிழித்திருக்கிறார் என்று அவருடைய பழைய படங்களைத் தேடிப் போய்ப் பார்க்கிறோம். ஒரு ரோஜாப்பூ, ஒரு நிலா, நாலு காக்கா. மனசு ஆறுகிறது. புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு எப்படிக் கருத்து சொல்ல வேண்டும் என்பதற்கு என்னிடம் மூன்று உருப்படியான யோசனைகள் இருக்கின்றன. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த ஹொரைசன் விஷயத்தை மட்டும் முடித்துவிடுகிறேன், ஒரு நிமிஷம்.

"ப்ரோ, ஹொரைசன்?" இவ்வளவுதான் கருத்தே. எழுதியவன் என் மகன் வயசுப் பையன். படத்தில் இருப்பது யார், என்ன படிக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. தொடுவானம் சாய்ந்திருக்கிறதாம். மெரினாவில் கடலை எடுத்து அது சாய்ந்திருந்தால் சொல்லட்டும், தண்ணீர் கொட்டிவிடுமே என்று கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டையில் தொடுவானத்தை யாரப்பா பார்த்தது? எங்கள் தெருவில் வானம் என்பது இரண்டு மொட்டைமாடிகளுக்கு நடுவே கேபிள் ஒயர் போக மிச்சமுள்ள இடம். பூமி என்பது பைக் நிறுத்தியது போக மிச்சமுள்ள இடம். இரண்டும் சந்தித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

"தொடுவானம் இல்லாட்டி என்ன சார், ஏதாவது ஒரு நேர்கோட்டைப் பிடிச்சு அதை வெச்சு நிமிர்த்துங்க" என்றார் இன்னொருவர். நிதானமான மனிதர், இன்ஜினியராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேர்கோடு தேடிக் கிளம்பினேன். விளக்குக் கம்பம் மேற்கே சாய்ந்திருந்தது, அதில் கட்டியிருந்த கொடிக்கம்பு கிழக்கே. பழைய ஓட்டு வீட்டுத் திண்ணைத் தூண் தெருப்பக்கம் சாய்ந்திருக்க, அதற்கு முட்டுக்கொடுத்த சவுக்குக்கட்டை வீட்டுப்பக்கம் சாய்ந்திருந்தது. இஸ்திரி வண்டிக்கு ஒரு சக்கரத்தின் கீழ் மட்டும் செங்கல். கடை ஷட்டர் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு முக்கால்வாசி இறங்கியிருந்தது. பைக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அத்தனையும் சைடு ஸ்டாண்டு. ஆளுயரத் தண்ணீர் டேங்க், அதைத் தாங்குகிற இரும்புச் சட்டம், சட்டத்தில் கட்டிய துணிக்கொடி, கொடியில் தொங்கும் லுங்கி, எல்லாம் ஆளுக்கொரு கோணம். மொத்தப் பேட்டையையே யாரோ சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி இருந்தது. நாலு காலில் நேராக நின்றது ஒரு மாடுதான். கேமராவைத் தூக்கினேன், உட்கார்ந்துவிட்டது.

அப்புறம்தான் பறக்கும் ரயில் ஞாபகம் வந்தது. அரசாங்கம் அளந்து கட்டிய கான்கிரீட் பாலம், 1995லிருந்து ரயில் ஓடுகிறது, அது சாயுமா? பெரியவர் படத்தின் பின்னணியில் அது ஓரமாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை வைத்துப் படத்தை நிமிர்த்தினேன். பாலம் நிமிர்ந்தது, பெரியவர் ஆற்றுப்பக்கம் சரிந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால், பார்க் டவுன் வரைக்கும் தரையில் வருகிற தண்டவாளம் அதற்கப்புறம்தான் மேலேறி எங்கள் ஸ்டேஷனுக்கு வருகிறது. ஏறுகிற பாலம் சாயாமல் எப்படி ஏறும்?

கேமராவுக்குள்ளேயே மட்டம் பார்க்கிற கோடு ஒன்று உண்டு. நேரானால் பச்சையாகும். மறுநாள் அதே இடத்தில் அதே பெரியவரை அதே பேப்பரோடு (பேப்பர் வேறு நாளுடையது, யாரும் கவனிக்கவில்லை) பச்சைக் கோட்டை வைத்தே எடுத்துப் போட்டேன். "இன்னும் லைட்டா சாயுது ப்ரோ." பூமிக்கு நேராக எடுத்தால் தெரு சாய்கிறது, தெருவுக்கு நேராக எடுத்தால் பூமி சாய்கிறது, உனக்கு எது வேண்டும் தம்பி என்று கேட்டேன். "க்ராப் பண்ணிடுங்க ப்ரோ." பண்ணினேன். பெரியவரின் மூக்குக்கண்ணாடியும் தினத்தந்தியில் பாதியும் மிஞ்சின. "இப்ப ஓகே ப்ரோ. ஆனா கான்டெக்ஸ்ட் மிஸ்ஸிங்."

ஹொரைசன் முடிந்தது. அடுத்தது மூன்றில் ஒரு பங்கு. பெரியவரை ஏன் நட்டநடுவில் வைத்தீர்கள், படத்தை மூன்றாகப் பிரித்து ஓரக் கோட்டில் அல்லவா வைக்க வேண்டும் என்று பஞ்சாயத்து. இந்த விதிக்குப் பெயர் வைத்து எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற லண்டன் ஓவியர், 1797ல். அப்போது போட்டோ என்ற பொருளே உலகத்தில் கிடையாது. பிரான்சில் நியெப்ஸ் ஜன்னல் வழியாகக் கூரைகளை எடுப்பதற்கு இன்னும் முப்பது வருஷம் இருந்தது. ஸ்மித் எழுதியது கிராமத்துக் காட்சிகளை வரைகிறவர்களுக்கு. வானம் எவ்வளவு, தரை எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுத்தார் மனிதர். அந்த வருஷம் சிந்தாதிரிப்பேட்டைக்கு வயசு அறுபத்து மூன்று. நெசவாளர்களைக் குடிவைப்பதற்காக கவர்னர் ஜார்ஜ் மார்டன் பிட் காலத்தில், 1734ல் போட்ட பேட்டை இது. இங்கே ஆதிபுரீஸ்வரரும் ஆதிகேசவப் பெருமாளும் கருவறையில் நட்டநடுவில்தான் இருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்கச் சொல்லி எந்த பக்தரும் குருக்களிடம் கேட்டதில்லை.

"முதல்ல அந்த கிட் லென்ஸைத் தூக்கிப் போட்டுட்டு 50எம்எம் வாங்குங்க" என்பது எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற இன்னொரு கருத்து. வாங்கினேன். என் கேமராவின் சின்ன சென்சாரில் அந்த ஐம்பது எழுபத்தைந்து, எண்பது மாதிரி நடந்துகொள்கிறது. ஒரு ஆள் முழுசாக விழவேண்டும் என்றால் பதினைந்து இருபதடி பின்னால் போகவேண்டும். எங்கள் சந்தில் இருபதடி பின்னால் போனால் எதிர்வீட்டு அடுப்பங்கரை. போனேன். குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்த அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஈபி ரீடிங்கா? மீட்டர் வெளியில இருக்கு பாருங்க" என்றார்.

இந்த ஊரில் கருத்து வாங்கிக் கட்டிக்கொண்ட முதல் ஆள் நானில்லை. லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். 1855ல் மதராஸில் நடந்த கண்காட்சிக்கு 68 படங்கள் கொடுத்தார், நடுவர்கள் பாராட்டினார்கள். அடுத்த வருஷமே மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபர் ஆனார். மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் மூட்டை முடிச்சோடு போய், காகித நெகட்டிவில் கோயில் கோயிலாக எடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 துண்டாக எடுத்து ஒட்டினால் பத்தொன்பது அடி நீளம் வந்தது. அந்தக் காலத்துப் படத்தில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும் என்பதால் மேகத்தைக் கையாலேயே தீட்டிக்கொண்டார். இன்றைக்கு இருந்திருந்தால் "ஓவர் எடிட்டிங் ப்ரோ" என்றிருப்பார்கள். அவருக்குக் கிடைத்த கடைசிக் கருத்து 1859ல் புதிதாக வந்த கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யனுடையது. இதெல்லாம் இன்றைய கஜானாவுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று சொல்லி வேலையையே நிறுத்திவிட்டார். நான் கேமரா வாங்கி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை இதுதான். அவர்கள் ட்ரெவெல்யனைக் கேள்விப்பட்டதில்லை.

என்னைத் தேற்றுவதற்கென்றே குழுவில் ஒருவர் கார்ட்டியே பிரெஸ்ஸான் கதையைச் சொல்வார். 1932ல் பிரெஸ்ஸான் எடுத்த, சுழல் படிக்கட்டுக்குக் கீழே சைக்கிள்காரர் பறக்கிற புகழ்பெற்ற படத்தை யாரோ குறும்பாக ஃப்ளிக்கரில் ஒரு குழுவில் போட்டார்கள். மங்கலாக இருக்கிறது, நீக்கிவிடலாம் என்று அங்கே ஓட்டுப் போட்டார்கள். நடந்த விஷயம்தான். ஆனால் இதில் எனக்கு என்ன ஆறுதல் என்று இன்றுவரை புரியவில்லை. பிரெஸ்ஸான் படம் மங்கலாக இருந்தாலும் பிரெஸ்ஸான் படம். என் படம் மங்கலாக இருந்தால் மங்கல்.

சரி, முதல் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். கருத்து சொல்கிறவர் முதலில் படத்தை... இருங்கள், செட்டிங்ஸ் கேட்கிறவரை விட்டுவிட்டேன். எந்தப் படம் போட்டாலும் "செட்டிங்ஸ் ப்ளீஸ்" என்று மட்டும் எழுதுகிற ஒருவர் இருக்கிறார். எண்களைக் கொடுத்தால் 'நன்றி' என்று ஒரு கும்பிடு, அத்தோடு போய்விடுவார். கூவக்கரையில் மாலை ஐந்தரை மணிக்கு நான் வைத்த எண்களை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் காலை பதினோரு மணிக்கு என்ன எடுப்பார் என்று கேட்க ஆசை. மயிலாப்பூரில் மா. கிருஷ்ணன் இருந்தார். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களை ஒன்றாகச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமரா செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அவரிடம் போய் இவர் "எந்த கேமரா சார், செட்டிங்ஸ் ப்ளீஸ்" என்று கேட்கிற காட்சியை நினைத்துக்கொண்டு படுத்தால் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.

ஃபிலிம் காலத்தில் இந்த வம்பெல்லாம் கிடையாது. ரோலைக் கழுவக் கொடுத்தால் ஸ்டுடியோ அண்ணன் கவரை நீட்டி, "முப்பத்தாறுல இருபத்தெட்டு விழுந்திருக்கு சார்" என்பார். விழுந்தது, விழவில்லை, இரண்டே கருத்து. கலை, கதை, கான்டெக்ஸ்ட் எதிலும் அவர் தலையிட்டதில்லை. விழாத எட்டுக்கு பிரிண்ட் காசும் வாங்கமாட்டார். வீட்டு ஜனங்கள் ஆல்பத்தைப் பிரித்ததும் அவரவர் முகத்தை மட்டும் தேடுவார்கள். "கண்ணை மூடிட்டேன்", "என்னை ஏன் இவ்வளவு குண்டா எடுத்தே", அவ்வளவுதான் விமரிசனம்.

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே துல்லியமான கருத்து எங்கள் மீன் மார்க்கெட்டில் கிடைத்தது. கொரோனா சமயத்தில் இந்த மார்க்கெட்டின் கூட்டம் வாராவாரம் பேப்பரில் வந்ததே, அதே மார்க்கெட். வெளியே நீலத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் சங்கரா மீன் வைத்திருந்த அக்காவைப் படம் எடுத்தேன். "மீன் வாங்குறியா, படம்தான் புடிக்கிறியா?" என்றார். அரை கிலோ வாங்கினேன். "காட்டு" என்று கேமராவைப் பிடுங்கி ஸ்க்ரீனைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "இன்னாபா இது, செவுள் கறுத்துக்கினு கீது? காலைல வந்த மீனு, பழசாட்டம் காட்டுற. இத்தப் பாத்தா எவன் வாங்குவான்?" மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார், ரத்தச் சிவப்பு. படத்தில் ஊதாக் கறுப்பு. தார்ப்பாய் வழியாக இறங்கிய நீல வெளிச்சம் சிவப்பைத் தின்றுவிட்டிருந்தது. ஒயிட் பேலன்ஸை மாற்றி எடுத்துக் காட்டியபிறகுதான் கேமரா கைக்கு வந்தது, மீனும் வந்தது.

அன்று ராத்திரி, சோதித்துப் பார்க்கலாமே என்று, அந்த முதல் படத்தையே, கறுத்த செவுளோடு, குழுவில் போட்டேன். "கலர் டோன் வேற லெவல் ப்ரோ. எந்த ப்ரீசெட்?"

தார்ப்பாய், தம்பி.

இந்தச் சிவப்பு வட்டக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் படத்தைக் கேட்காமல் இறக்கி, அதன்மேல் சிவப்பில் வட்டமும் அம்புக்குறியும் போட்டுத் திருப்பி அனுப்புகிற ஆட்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டுக்குப் பிறகு யாரும் என் காகிதத்தில் சிவப்பு மை வைத்ததில்லை. போன வாரம் மே தினப் பூங்காவில் ஒரு மரத்தடி எடுத்தேன். இலைகளுக்கு நடுவே வெயில் கீற்றுக் கீற்றாக இறங்கிக்கொண்டிருந்தது, கீழே ஒரு சிமென்ட் பெஞ்சு. நானே கொஞ்சம் பெருமையாக நினைத்த படம். பெஞ்சின் ஓரத்தில் சிவப்பு வட்டம் போட்டு, "டிஸ்ட்ராக்டிங் எலிமென்ட். க்ளோன் பண்ணி எடுத்துடலாம்" என்று வந்தது. நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். ஒருவர் தானே சிரமம் எடுத்து அழித்து, "இப்ப பாருங்க, எவ்ளோ க்ளீன்!" என்று புதுப் படத்தையும் போட்டுவிட்டார். கட்டைவிரல்கள் குவிந்தன.

வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது என் மனைவி. அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.