காசு கொடுத்து மிதிக்கிறோம் மாமா

கிரெம்ஸ், ஆஸ்திரியா
ஜூலை, ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். உட்காரும் இடம் மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது.

போன வாரம் போனில், "லீவுக்கு எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டீர்கள். "சைக்கிள்லயே வியன்னா வரைக்கும் போறோம் மாமா" என்றேன். அத்தோடு லைன் போய்விட்டது. தானாகப் போனதா, நீங்களே வைத்துவிட்டீர்களா என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் அத்தை என் மனைவியைக் கூப்பிட்டு, "வேலைக்கு ஒண்ணும் பங்கமில்லையே? காரை எதுவும் வித்துட்டீங்களா?" என்று பக்குவமாக விசாரித்தாராம். அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன். வாட்ஸாப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த குட்மார்னிங் படத்துக்குப் போய்விடுவீர்கள்.

வேலை இருக்கிறது. கார் மியூனிக்கில் வீட்டுக்கு அடியில் பத்திரமாக நிற்கிறது. காரை நிறுத்திவிட்டு, அறை வாடகை கொடுத்து, ஆற்றோரமாக நாள் முழுக்க சைக்கிள் மிதிப்பது இந்தப் பக்கத்தில் கௌரவமான காரியம். டாக்டர், ஜட்ஜ், ரிட்டயரான ஹெட்மாஸ்டர் எல்லோரும் செய்கிறார்கள். அத்தையிடம் இந்த வரியை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

நாங்கள் கிளம்பிய இடம் பாசாவ், ஜெர்மனியின் எல்லையில் ஓர் ஊர். அங்கேதான் டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகளும் கூடுகின்றன. இல்ஸ் கறுப்பு, இன் சாம்பல் கலந்த பச்சை, டான்யூபுக்கு நீலம் என்று பேர்தான், நான் பார்த்தபோது பழுப்பு. மூன்று நிறமும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதை மேலே இருக்கும் கோட்டையிலிருந்து பார்க்கலாம். இதில் ஒரு வேடிக்கை. அந்த இடத்தில் இன் ஆறு கொண்டுவரும் தண்ணீர்தான் சராசரியில் அதிகம். ஆனாலும் கூடியபிறகு பெயர் டான்யூபுக்கே போய்விட்டது. மருமகன்கள் ஓடியாட, மாமனார் பேரில் கம்பெனி நடப்பது மாதிரி. (உங்களைச் சொல்லவில்லை.) நகராட்சிக் கட்டடத்துச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்தையெல்லாம் வருஷம் போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் வந்தது 12.89 மீட்டர். அதற்குமுன் அந்த அளவுக்குத் தண்ணீர் ஏறியது 1501-ல்.

அங்கிருந்து வியன்னாவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். பயப்படாதீர்கள், இதில் வீரம் ஒன்றும் இல்லை. அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து ஆறு இறங்குவது சுமார் 150 மீட்டர்தான், அதுவும் நாம் போகிற திசையில். காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து முதுகைத் தள்ளுகிறது. அதனால் எல்லோரும் மேற்கிலிருந்து கிழக்கே போகிறார்கள். எதிர்த் திசையில் வருகிறவர்களைப் பார்த்தால் இரண்டே ரகம்: பந்தயக்காரர், இல்லையென்றால் கணவன் சொல்லை நம்பி வந்த மனைவி. முகத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

பாதையின் பல பகுதிகள் புதிதாகப் போட்டவை அல்ல. நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால் உப்பும் தானியமும் ஏற்றிய படகுகளை ஆற்றின் எதிர்ப்போக்கில் இழுத்துப்போகக் குதிரைகளைக் கட்டினார்கள். கரையோரமாகக் குதிரை நடந்த தடம் அது. 1829-ல் வியன்னாவில் நீராவிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார்கள், பிறகு ரயில் வந்தது, குதிரைக்கு வேலை போனது. தடம் மட்டும் மிச்சம். அந்தத் தடத்தின் மேல் தார் போட்டு, முக்குக்கு முக்கு அம்புக்குறி நட்டுவிட்டார்கள். லாரி கிடையாது, பஸ் கிடையாது. நாய் துரத்துவதும் கிடையாது, ஒவ்வொரு நாயும் கயிற்றில் நடக்கிறது. ராஜபாளையம் நாயின் பெருமையை ஒரு பெரியவரிடம் அரைமணி நேரம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது சைக்கிளோடு ஓடுமா?" என்றார். "சைக்கிள்காரன் இறங்கி ஓடுவான்" என்றேன்.

கரையில் எண் போட்ட பலகைகள் வருகின்றன. பாசாவில் 2,200-க்கு மேல் ஆரம்பித்து, மிதிக்க மிதிக்கக் குறைந்துகொண்டே வருகிறது. கப்பல்காரர்கள் இந்த ஆற்றைக் கடலில் விழும் முகத்திலிருந்து பின்னோக்கி அளக்கிறார்கள். வியன்னா 1,900 சொச்சத்தில் வருகிறது. கருங்கடலுக்கு இன்னும் இத்தனை கிலோமீட்டர் இருக்கிறது என்று உங்கள் பேத்தி ஒவ்வொரு பலகையிலும் நின்று அறிவித்தாள்.

அவளைப் பற்றி ஒரு புகார். இங்கே நாலாம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் போலீஸ்காரரே வந்து சைக்கிள் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, தேறியவருக்குச் சான்றிதழ் கொடுக்கிறார். அவள் தேறியிருக்கிறாள். என்னிடம் ஐரோப்பியக் கார் லைசென்ஸ் இருந்தும் சைக்கிளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஆகவே வழி நெடுக, "அப்பா, கை காட்டாமல் திரும்பினீங்க", "அப்பா, பின்னாடி பார்க்கலை" என்று ஒரே கண்டிப்பு. நம் தளவாய்புரத்தில் அரைப்பெடலில் கற்று, இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கண்மாய்க் கரையில் ஓட்டிய என் சரித்திரம் இங்கே செல்லுபடியாகவில்லை.

கூட வருகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் வயது, சிலர் அதற்கும் மேலே. பாட்டரி சைக்கிள் வந்தபிறகு வயது ஒரு கணக்கே இல்லை. மேட்டில் நான் நாக்குத் தள்ளிக்கொண்டு ஏறும்போது, வெள்ளை முடிப் பாட்டி ஒருவர் லேசாகப் பெல் அடித்து, வணக்கம் சொல்லி, தாண்டிப் போய்விட்டார். பெட்டி படுக்கையையும் நாம் சுமப்பதில்லை. காலையில் தங்கிய இடத்தில் வைத்துவிட்டால் வேன்காரர் எடுத்துப்போய் அடுத்த ஊரில் இறக்கிவிடுகிறார். சாயங்காலம் நாம் வியர்த்து வடிந்து போய்ச் சேரும்போது பெட்டி வரவேற்பறையில் நமக்காகக் காத்திருக்கிறது.

இனி உங்கள் நைட்டித் தொழில் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். லின்ஸ் தாண்டி ஒரு கிராமத்தில் தங்கினோம். சைக்கிள்காரர்களுக்கென்றே இருக்கும் விடுதி: வண்டியைப் பூட்டி வைக்கக் கொட்டகை, ஈரத்துணி காயவைக்க ஓர் அறை, சுவரில் ஸ்பானரும் பஞ்சர் சாமானும் மாட்டிய பலகை. காலையில் சாப்பாட்டு அறைக்கு என் மனைவி, நீங்கள் பொங்கலுக்குக் கொடுத்தனுப்பிய மயில் நீல நைட்டியில், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். "வீடு மாதிரிதானே இருக்கு" என்பது அவள் வாதம். அங்கே இருந்தவர்களெல்லாம் உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடையில் இருந்தார்கள். ஒரு நிமிஷம் கரண்டிச் சத்தம் நின்றது. விடுதிக்கார அம்மாள் நேரே வந்தார். திட்டப்போகிறார் என்று நான் ரொட்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ நைட்டியின் கைப்பக்கத்தைப் பிடித்துப் பார்த்து, முன்பக்கத்துச் சுருக்கைத் தடவிப் பார்த்து, இது உங்கள் நாட்டுத் திருவிழா உடையா, காட்டன்தானா, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தளவாய்புரம் என்ற பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறார். அவருடைய நாக்குக்கு "ழ" இல்லாத ஊர்ப்பெயராக நம்முடையது அமைந்தது அதிர்ஷ்டம்.

மவுட்ஹவுசன் என்ற ஊரும் இதே பாதையில் இருக்கிறது. 1938 முதல் 1945 வரை நாஜிகளின் வதைமுகாம். கைதிகளைக் குவாரியில் கல் சுமந்து ஏறவைத்த 186 படிகள் இன்னும் இருக்கின்றன. இங்கேயும் இதன் கிளை முகாம்களிலும் சேர்த்துக் குறைந்தது 90,000 பேர் செத்திருக்கிறார்கள். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேலே போய் முகாமைப் பார்த்தோம். அன்று மிச்ச தூரத்துக்கு மூவரும் அதிகம் பேசவில்லை. நேரில் சொல்கிறேன்.

அதற்கப்புறம் வாகாவ் பள்ளத்தாக்கு வந்ததும் மனசு தெளிந்தது. இரண்டு பக்கமும் மலைச்சரிவில் படிப்படியாகத் திராட்சை, கீழே ஆப்ரிகாட் தோப்பு. இப்போது பழம் பழுக்கும் நேரம். சாலையோரம் ஒரு மேஜை, அதன்மேல் கூடைகள், விலை எழுதிய அட்டை, காசு போட ஒரு டப்பா. ஆள் இல்லை. நான் பழத்தை எடுத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் காசு போட்டேன். காசு போடும்போதும் திருட்டு முழி முழித்தவன் அந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாயங்காலம் அதே பழத்தை, கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே சர்க்கரைக் கட்டி வைத்து, மேலே மாவு பூசி வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டிக் கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தது. தேங்காய்ப் பூரணம் வைத்திருந்தால் தொந்தரவு குறைந்திருக்கும் என்பது என் மனைவியின் அபிப்பிராயம். தோட்டக்காரர்களே வாசலில் பெஞ்சு போட்டு ஒயினும் ஊற்றுகிறார்கள். சைக்கிள்காரனுக்கும் இங்கே குடி அளவு சட்டத்தில் உண்டு, ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.8 தாண்டினால் அபராதம். நான் எவ்வளவு என்பதை இந்தக் கடிதத்தில் எழுதுவதாக இல்லை.

ஸ்பிட்ஸ் என்ற ஊரில் ஆற்றைக் கடந்தோம். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆற்றுக்கு மேலே கரைக்குக் கரை ஓர் இரும்பு வடம். அதில் உருளை ஓடுகிறது. உருளையிலிருந்து ஒரு கம்பி இறங்கிப் படகைப் பிடித்திருக்கிறது. படகுக்காரர் சுக்கானைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குச் சாய்வாக வைக்கிறார். ஓடுகிற தண்ணீர் படகின் விலாவில் மோதுகிறது. வடம் பிடித்திருப்பதால் ஆற்றோடு இழுத்துப்போக முடியாமல், படகைக் குறுக்கே அடுத்த கரைக்குத் தள்ளிக்கொண்டு போய் விடுகிறது. மோட்டார் இல்லை, டீசல் இல்லை, துடுப்பு இல்லை. சைக்கிள்களோடு கார்களும் ஏறுகின்றன. சத்தமே இல்லை, தண்ணீர் பலகையில் தட்டுகிற ஓசை மட்டும். படகுக்காரர் டிக்கெட் கிழிப்பதில்தான் கொஞ்சம் உழைத்தார்.

பக்கத்திலேயே ட்யூர்ன்ஷ்டைன் கோட்டை. இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்டை 1192-ல் பிடித்து இங்கேதான் அடைத்தார்கள். மீட்க வந்த பணத்தில் ஆஸ்திரியப் பிரபு தன் பங்கைக் கொண்டு ஓர் ஊரையே கட்டிவிட்டார். வெள்ளைக்காரனிடம் வசூலித்தவர்களும் உலகத்தில் இருந்திருக்கிறார்கள் மாமா.

சைக்கிளுக்கும் உங்கள் தொழிலுக்கும் உறவு உண்டு, தெரியுமா? 1862-ல் ஆடம் ஓப்பல் என்பவர் ஜெர்மனியில் தையல் மெஷின் செய்ய ஆரம்பித்தார். 1886-ல் அதே பட்டறையில் சைக்கிள். அவருடைய ஐந்து மகன்களும் சைக்கிள் பந்தயக்காரர்கள். 1899-ல் கார். நீங்களும் ஒரு தையல் மெஷினில்தான் தொடங்கினீர்கள். வெட்டிய துணியைக் கேரியரில் மூட்டையாகக் கட்டி, வீடு வீடாகத் தைக்கக் கொடுத்து, தைத்ததை மறுபடி வாங்கிவந்து, செட்டியார்பட்டிக்கும் முகவூருக்கும் எத்தனை நடை மிதித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு டிவிஎஸ் 50, பிறகு லோடு ஆட்டோ, இப்போது கார். சைக்கிளை விட்டு இறங்கத்தான் நீங்கள் அவ்வளவு பாடுபட்டீர்கள். மருமகன் வெளிநாடு போய்த் திரும்ப அதில் ஏறிவிட்டான் என்றால் லைன் கட்டாகத்தான் செய்யும். நியாயம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இங்கே அழகு ஒன்றும் நம்மைவிட அதிகமில்லை. இந்த மலையை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குன்று என்பீர்கள். டான்யூபுக்குக் கோடையிலும் ஆல்ப்ஸ் பனி உருகித் தண்ணீர் கொடுக்கிறது, நம் அய்யனார் கோவில் ஆற்றுக்கும் சாஸ்தா கோவில் ஆற்றுக்கும் மழை பெய்தால்தான் உயிர். ஆனால் அந்த மழை பெய்து முடிந்த மார்கழியில், கண்மாய் எல்லாம் நிரம்பிக் கிடக்கும்போது, சேத்தூர், தேவதானம் பக்கம் இருக்கிற பச்சை இங்கே இல்லை. இவர்களிடம் இருப்பது ஏற்பாடு. அம்புக்குறி, நிழல், ஒரு கழிப்பறை, வண்டி நிறுத்த ஒரு கம்பி, லாரி வராத தடம். 2025-ல் ஊர் அழகைக் காட்டிப் பரவிய கூமாப்பட்டி வீடியோவை நீங்கள்தானே அனுப்பினீர்கள்? அதைப் பார்த்துவிட்டுக் காரில் வந்த கூட்டம் பிளவக்கல் அணையில் குளிக்கத் தடை என்று கேட்டு முகம் வாடித் திரும்பியது. வந்தவர்களுக்கு ஒரு வாடகை சைக்கிளும், வத்திராயிருப்பு வரை வயல் வழியும் காட்டியிருந்தால் இரண்டு நாள் தங்கியிருப்பார்கள்.

நம் பக்கமும் இப்படி ஒரு தடம் இருக்கலாம். லாரி, பஸ், கார் எல்லாம் திருமங்கலத்திலிருந்து வரும் நாலுவழிச் சாலையில் போகட்டும். மலையோரமாக மம்சாபுரம் வழியே ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பழைய ரோடும், அங்கிருந்து செண்பகத்தோப்பு போகிற ரோடும் அகலப்படுத்தாமல் இருந்தாலே போதும். அதற்கு மேல் 2021 முதல் புலிகள் காப்பகம், அங்கே சைக்கிளும் வேண்டாம், நாமும் வேண்டாம். இந்த இரண்டு ரோட்டிலும் மரம் வெட்ட யாராவது கணக்கெடுக்க வந்தால் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டும். உங்கள் பேச்சுக்கு ஊரில் மரியாதை இருக்கிறது, என் பேச்சுக்கு வீட்டிலேயே இல்லை.

மார்கழியில் மூன்று பேரும் வருகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சன்னதிக்கு உங்களோடு சைக்கிளில் போவதாகப் பேத்தி முடிவு செய்துவிட்டாள். உங்களுக்கும் பரீட்சை வைப்பாள், கை காட்டித் திரும்பப் பழகிக்கொள்ளவும். திரும்பும்போது பால்கோவா செலவு என்னுடையது.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: விடுதிக்கார அம்மாள் ஆறு நைட்டி கேட்டிருக்கிறார். டபுள் எக்ஸ்எல், சுத்தக் காட்டன், பூப்போட்டது, இரண்டு பக்கமும் பாக்கெட் கண்டிப்பாக வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்டார். மார்கழிக்குள் தைத்து வைக்கவும்.