இரண்டு ஓலை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகடிக்கவும் கூடாது என்றது. பிரம்பும் போச்சு, வசவும் போச்சு. வாத்தியாருக்கு மிச்சம், அமைதியான குரலும், பிள்ளை தேர்ந்தெடுக்க நீட்டும் இரண்டு வாய்ப்புகளும்.

மானாம்பதிப் பக்கம் ஒரு வகுப்பறையில் அதைப் பொருத்திப் பாருங்கள். "தம்பி, கணக்கை இப்பவே போடறியா, இன்டர்வெல்ல போடறியா? நீயே முடிவு பண்ணுப்பா." வகுப்பே உறைந்துபோகும். கத்துகிற வாத்தியாரிடம் பழகிய பிள்ளைகள். இவ்வளவு கனிவாகப் பேசினால் அப்பாவை வரச் சொல்லப் போகிறார் என்றுதான் கலங்கும். ஒருவன் மட்டும் எழுந்து, "மூணாவது ஒண்ணு இல்லையா சார்?" என்பான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு (கி.பி. 921), ஊர்ச்சபைத் தேர்தலில் குடத்திலிருந்து ஓலை எடுக்கும் பொறுப்பை ஒரு சிறுவனிடம்தான் ஒப்படைத்தது. அந்தக் குடத்தில் பல பேருடைய ஓலைகள். இங்கே இருப்பது இரண்டே ஓலை, இரண்டிலும் கணக்கு.

முறை பலிக்கும், பொய்யில்லை. தானே சொன்ன வார்த்தையோடு பிள்ளை பெரும்பாலும் மல்லுக்கு நிற்காது. ஆனால், இன்டர்வெல்லில் டீயை விட்டுவிட்டு வாத்தியாரும் வகுப்பில் நிற்க வேண்டும். தண்டனை யாருக்கு என்பது அப்போது தெரியும்.

மேலிடமும் ஆசிரியரிடம் இதே கனிவோடு பேசுமா? பேசும். "சார், எமிஸ் தளத்துல வருகைப் பதிவை இப்பவே ஏத்தறீங்களா, இல்ல உடனே ஏத்தறீங்களா? உங்க இஷ்டம்."