துருவுக்கு வினிகர், வர்ணத்துக்கு வணக்கம்

கேள்வி: அமெரிக்காவின் ஹெடான் நிறுவனம் தூண்டிலுக்காகச் செய்த பழைய மரப் பொய்மீன் ஒன்று கிடைத்தது. கொக்கிகள் துருவேறியிருக்கின்றன. புதுப்பிக்கலாமா?

பதில்: துருவை எடுங்கள், வயதை எடுக்காதீர்கள்! திருகுகளில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பொறுத்துக் கழற்றுங்கள். அவசரப்பட்டால் மரம் பிளக்கும். துருவேறிய பாகங்களை மட்டும் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். மரம் ஊறினால் உப்பிவிடும்; வர்ணம் உரியும். மிச்சிகன் மாநிலத்து டோவாஜியாக்கில் ஹெடான் அன்று பூசிய வர்ணத்துக்கும் பதித்த கண்ணாடிக் கண்ணுக்கும்தான் சேகரிப்பாளர்கள் விலை தருகிறார்கள். மீன் பிடிக்கவென்றால் புதுக் கொக்கி மாட்டுங்கள், பழையதைப் பத்திரப்படுத்துங்கள். விற்றால், பழுதுபார்த்ததைச் சொல்லிவிடுங்கள். பொய்மீன் மீனை ஏமாற்றப் பிறந்தது, மனிதரை அல்ல!