ரேஷன் கார்டில் ஏறாத லேயர்கள்

துறையூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் பார்க்க நியூரல் நெட்வொர்க் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதே படத்துக்கு ஒரு தடவை 'நோய்' என்கிறது, மறு தடவை 'நலம்' என்கிறது.

"மருந்தடிக்கவா, வேண்டாமா தம்பி?"

"மாடல் இன்னும் ஸ்டேபிள் ஆகலங்கய்யா."

குற்றவாளி டிராப்-அவுட். ஏஐ ஆராய்ச்சியாளர் ஹிண்டனின் குழுவினர் 2014-இல் விரிவாக எழுதிய உத்தி: பயிற்சியின்போது சில நியூரான்களைக் குலுக்கல் முறையில் தூங்கவைப்பது. வேலைக்கு வந்தபின் 'ஈவால்' என்று உத்தரவிட்டு அதை நிறுத்த வேண்டும். மாடலை எழுதிய தம்பியும் உத்தரவிட்டார். ஆனால் சில லேயர்களைப் பைடார்ச் என்ற நிரல் நூலகத்தின் மாட்யூல்-லிஸ்ட்டில் வைக்காமல் சாதா பைத்தான் லிஸ்ட்டில் போட்டிருந்தார். தாய் ஆப்ஜெக்ட்டுக்கு இப்படிப் பிள்ளைகள் இருப்பதே தெரியாது. ரேஷன் கார்டில் பேர் ஏறாத பிள்ளைக்கு அரிசி ஏது? உத்தரவு போய்ச் சேரவில்லை, பயிற்சி சேரவில்லை, ஃபைலில் சேமிப்பும் ஆகவில்லை; புரோகிராமைத் திறக்கும்போதெல்லாம் அந்த லேயர்களுக்குப் புதுப்புது எடைகள். ஜிபியு இல்லாத லேப்டாப்பில் எர்ரர்கூட வராது. தப்பாக ஓடும் கோடுக்குத்தான் எவ்வளவு அடக்கம்!

திருத்தம் ஒரே வரி. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அதன் பெயர், 'இரண்டாம் கட்ட அல்காரிதம் மேம்பாடு'.