பிள்ளையார் சுழிக்கு அப்பால்: சிங்கப்பூரில் எழுதப்படாத தமிழ் நாவல் பற்றிய ஆய்வு

ஆய்வுக் களம் சிராங்கூன் சாலை. காலம், ஒரு தீபாவளி ஒளியூட்டு முதல் மறு தீபாவளி ஒளியூட்டு வரை.

முதன்மைச் சான்று: முஸ்தபாவில் வாங்கிய தடித்த நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, தலைப்பு, அம்மாவுக்குச் சமர்ப்பணம். இரண்டாம் பக்கத்தில் முதல் வாக்கியம், நான்கு முறை அடித்துத் திருத்தியது. மூன்றாம் பக்கத்தில் தேக்கா சந்தைக் கணக்கு: ஆட்டிறைச்சி அரைக் கிலோ, முருங்கைக்காய், கறிவேப்பிலை. மிச்சமெல்லாம் வெள்ளைத்தாள்.

வகைப்பாடு: நாவலாசிரியர் மூவகைப்படுவர். குலமுறையார், தஞ்சாவூர்க் கொள்ளுத்தாத்தா தொடங்கி பொங்கோல் பேத்தி வரை வம்சாவளி வரைந்து, அதிலேயே களைத்துப்போவார். பின்னொருநாளார், மகனுக்கு பிஎஸ்எல்இ தேர்வு முடியட்டும் என்பார். பிறகு தேசிய சேவை முடியட்டும் என்பார். பிறகு 55 வயதாகி மத்திய சேமநிதி கைக்கு வரட்டும் என்பார். மூன்றாம் வகையார் எழுதுவார். இவ்வினம் அரிது, ஆனால் உண்டு: 2005இல் கலாசாரப் பதக்கம் பெற்ற மா. இளங்கண்ணன் சிறுகதையோடு நிற்காமல் நாவல்களும் தந்தவர்.

காரண ஆய்வு: நோய் சோம்பல் அன்று, கெடு இல்லாமை. தங்கமுனை விருதுப் போட்டிக்குக் கடைசி நாள் உண்டு, ஆகவே சிறுகதை எப்படியோ முடிந்துவிடுகிறது. கல்கியிடம் இதழ் வாராவாரம் அத்தியாயம் கேட்டது. ஆகவே அவரது ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ஐந்து பாகமாக வளர்ந்தது. கேட்க ஆளில்லாதவர் தானே தனக்குக் கெடு வைத்தாக வேண்டும். அஞ்சல்துறை அதிகாரியாக இருந்த ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப் அதைத்தான் செய்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொல். பயணத்தில் இருந்தால் ரயில் பெட்டியிலேயே பென்சிலால் எழுதுவார், மனைவி படியெடுப்பார். மொத்தம் 47 நாவல்கள்.

உள்ளூர்ப் பொருத்தம்: பொங்கோலில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்குவதற்குள் கால் மணிக்கு மேல் கிடைக்கும். வாரம் 5 நாள், நாளுக்கு 250 சொல். பொது விடுமுறை 11 நாளைக் கழித்தாலும் ஆண்டுக்கு 62,000 சொல் தேறும். அது முழு நாவல்.

மறுப்பும் விடையும்: “நெரிசலில் கற்பனை ஊறுமா?” ஊறாவிட்டால் பாதகமில்லை, அன்றைய 250 சொல்லை மோசமாக எழுதலாம். ரயிலில் தின்றால்தான் 500 வெள்ளி அபராதம். மோசமாக எழுதுவதற்கு இல்லை.

முடிவு: இக்கட்டுரை ஏறத்தாழ 250 சொல், டிராலப் கணக்கில் கால் மணி வேலை. வாசகர் நாளைக் காலை ரயிலேறியதும் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, இதே அளவு எழுதவும்.