இரண்டு மணிக்காரர்

ஆரணியிலிருந்து சந்தவாசல் வழியாகப் படவேடு போகும் பஸ்ஸில் யாரிடம் வேண்டுமானாலும் மணி கேளுங்கள். முழுக்கைச் சட்டையில் இடது கையை மட்டும் முழங்கைவரை மடித்துவிட்டவரிடம் கேட்டுவிடாதீர்கள். "எந்த மணி வேணும்? நம்மூர்தா, துபாய்தா?" என்பார். நம்மூர் மணிதான் என்றால் அவர் முகம் வாடிவிடும்.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. ஒரு காலத்தில் பட்டுத்தறி ஓட்டியவர். இப்போது தறியும் இல்லை, பாவும் இல்லை. ஜவ்வாது மலையடியில் கொஞ்சம் வாழை, துபாயில் ஒரு மகன். அந்த மகன் அனுப்பியதுதான் கையிலிருக்கும் சீகோ ஃபைவ் ஜிஎம்டி கடிகாரம். மணி, நிமிடம், விநாடி முட்களோடு நான்காவதாக ஒரு முள். அது ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். வெளி வளையத்தில் 24 மணி நேரக் கணக்கு. இந்த வம்சத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, 1950களில் பான் அமெரிக்கன் விமானிகளுக்காக ரோலெக்ஸ் செய்த, சிவப்பும் நீலமும் கலந்த வளையம் போட்ட கடிகாரம். கண்டம் தாண்டிப் பறப்பவனுக்கு இரண்டு நேரம் தேவை, சரி. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு எதற்கு என்று கேட்டவர்கள் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்க வேண்டியிருக்கும்.

முன்பக்க தரிசனம் முடிந்ததும் கழற்றித் திருப்புவார். உண்மையான பூஜை இங்கேதான் ஆரம்பம். பின்மூடி கண்ணாடி. உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று, கை ஆடும்போதெல்லாம் ஆடித் தானே சாவி கொடுத்துக்கொள்ளும். "பேட்டரியே கிடையாதுப்பா, பாரு" என்று உங்கள் மூக்குவரை கொண்டுவருவார். பார்த்தால் அதில் பெரிய அலங்காரம் ஒன்றும் இருக்காது. மெஷின் வெட்டிப்போட்ட சாதாரணத் தகடுதான். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பின்மூடி விஷயத்தில் அவருக்குக் கொள்கையே உண்டு. ரோலெக்ஸ் வெகுகாலமாகப் பெரும்பாலும் உலோக மூடி போட்டே முதுகை மறைத்துவந்தது. அபூர்வமாகத்தான் சில மாடல்களுக்குக் கண்ணாடி போட்டது. "மறைக்கிறவன்கிட்ட எதுக்கு வாங்கணும்?" என்பார். பதேக் பிலிப் செய்யும் டிராவல் டைம் கடிகாரத்தின் படத்தை போனில் வைத்திருக்கிறார். இடப்பக்கம் இரண்டு பொத்தான். ஒன்றை அமுக்கினால் ஒரு மணி முன்னே, இன்னொன்றை அமுக்கினால் ஒரு மணி பின்னே. பகலா இரவா என்று சொல்ல, இரண்டு ஊருக்கும் தனித்தனிக் குட்டி ஜன்னல். பின்னால் கண்ணாடி. விலையைக் கேட்டால் வாழைத்தோப்பைத் திரும்பிப் பார்ப்பார்.

இந்தக் கண் தறியில் பழகிய கண். ஆரணிக் கடையில் விவரம் தெரிந்தவர் புடவையைப் பிரித்ததும் முந்தானையைப் பார்ப்பதில்லை. உள்பக்கத்தைத் திருப்பி, ஜரிகை எங்கே தொங்குகிறது, அறுந்த இழையை எங்கே முடிந்திருக்கிறார்கள் என்று விரலால் தடவுவார். புடவையில் இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிகாரத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது வேர்வையும் கை ரோமமும்தானே!

சீகோகாரனும் ரோலெக்ஸ்காரனும் எதிர்பாராத ஒரு சங்கடம் இருக்கிறது. மணிமுள் இரண்டு இருந்தாலும் நிமிடமுள் ஒன்றுதான். இரண்டாவது நேரத்தை முழு மணியாகத்தான் நகர்த்த முடியும். நம் நாடோ 1906 ஜனவரி 1 முதல் மிர்சாப்பூர் பக்கம் போகும் 82.5 பாகைக் கோட்டை வைத்து கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கிறது. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி. சிங்கப்பூருக்கு இரண்டரை. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. தமிழன் பிழைக்கப் போன இடமெல்லாம் அரை மணி துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தக் காலத்தில் ரங்கூன் போனவர்களுக்குத்தான் யோகம்; பர்மா நேரம் நம்மைவிடச் சரியாக ஒரு மணி முந்தி. அத்தனை விலை பதேக்கும் பொத்தானுக்கு ஒரு மணிதான் நகரும். மகனிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது.

நம்மவர் விடவில்லை. வெளி வளையத்தை ஒன்றரைக் கட்டம் திருப்பி வைத்தால், நான்காம் முள் துபாய் நேரத்தைச் சொல்லிவிடும் என்று கண்டுபிடித்தார். உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம்தான். என்ன, அந்த வளையம் விரல் பட்டாலே திரும்பும். ஆடி வெள்ளியன்று படவேடு ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் எத்தனை முழங்கை உரசியதோ, வெளியே வந்து மணி பார்த்து, "இப்ப பையன் சாப்பாட்டு நேரம்" என்று வீடியோ கால் போட்டார். சூப்பர்வைசரோடு மீட்டிங்கில் இருந்த பையன் போனைக் கவிழ்த்து வைத்தான். பக்கத்தில் அவர் வீட்டம்மா, "ஒன்றரையைக் கழிச்சுட்டுப் போட்டா ஆவாதா?" என்றார். கழித்துப் பார்ப்பதற்கா மகன் கடிகாரம் அனுப்பினான்?

இப்போது மகளுக்கு வரன் பார்க்கிறார். மாப்பிள்ளை அடிலெய்டில் இருந்தால் விசேஷம். அங்கே வருஷத்தில் பாதி நாள் நான்கு மணி வித்தியாசம், மீதி நாள் ஐந்து, எப்போதும் முழு மணி. தரகர் கொண்டுவந்ததோ மெல்போர்ன் ஜாதகம். பத்துக்கு ஒன்பது பொருத்தம், பையன் இன்ஜினீயர், சொந்த வீடு. எல்லாம் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைத் தடவிக்கொண்டே, "எல்லாம் சரிதாம்பா, அரை இடிக்குதே" என்றார். தரகர் ஜாதகத்தை இன்னொரு முறை விரித்து, எந்தக் கிரகம் என்று தேட ஆரம்பித்தார்.