வெண்ணெய் உருண்டைச் சரிவில் கால்சட்டைத் தேய்மானம்: ஒரு கள ஆய்வு

மாமல்லபுரத்தைப் பற்றி எழுதியவர்கள் சிற்பங்களைப் பார்த்தார்கள். பிள்ளைகளோடு போனவர்களுக்கோ எழுத நேரமில்லை. பல்லவர் ஆய்வில் நெடுநாளாக இருக்கும் இந்தப் பள்ளத்தைத் தூர்க்கவே இக்கட்டுரை.

களம், தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பின்னாலுள்ள குன்றுப் பூங்கா. காலம், ஒரு ஞாயிறு காலை பத்து மணி முதல் சின்னவள் அழத் தொடங்கியது வரை. முதன்மை ஆய்வாளர்கள் இருவர். வயது ஏழும் நான்கும். தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. இதை ஆய்வு மானியமாகவே கொள்ள வேண்டும். புளியோதரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் சுமந்த உதவியாளன் நான்.

முதலில் அந்தப் பெரிய புடைப்புச் சிற்பம். ஏறக்குறைய 90 அடி நீளப் பாறையில் ஒற்றைக் காலில் நின்று கைதூக்கியிருப்பவர் யார்? பாசுபதம் வேண்டும் அர்ச்சுனன் என்பது ஒரு கட்சி. கங்கையை இறக்கும் பகீரதன் என்பது மறு கட்சி. நடுவிலுள்ள பிளவையும் அதில் நெளியும் நாகங்களையும் சாட்சிக்கு அழைப்பார்கள். இரு கட்சியையும் நான் விளக்கிக்கொண்டிருக்கையில், யானையின் காலடியில் அதே போல் கைதூக்கி நிற்கும் பூனையைப் பெரியவன் கண்டான்.

"அப்பா, இதுவும் ஹோம்வொர்க் எழுதலையா?"

மூன்றாம் கட்சி இவ்வாறு உதயமாயிற்று. இதன்படி தவசியும் பூனையும் ஒரே வகுப்பில் தண்டனை பெற்றவர்கள். பூனையைச் சுற்றியுள்ள எலிகள், வேடிக்கை பார்க்கும் மற்ற மாணவர்கள். போலித் தவப் பூனை என்ற பழைய விளக்கத்தைவிட இது எளிது. மறுப்பு தேடி இரண்டு நாள் யோசித்தேன், கிடைக்கவில்லை.

அடுத்து, கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை எனப்படும் பாறை. சுமார் 20 அடி உயரம், 250 டன் என்கிறார்கள். நின்று பார்த்தால் நமக்கே வயிறு கலங்கும் சரிவு. அதன் நிழலில் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. வந்தவர் எல்லாரும் கல்லைத் தாங்குவதுபோல் கைநீட்டிப் படம் எடுத்தார்கள்.

"இதை யாருப்பா இங்க விட்டுட்டுப் போனாங்க?" என்றாள் சின்னவள்.

யாரும் வைக்கவில்லை, கருங்கல் வெயிலிலும் மழையிலும் பொருக்குவிட்டு உதிர்ந்து தானே உருண்டையானது என்றேன். பின்பக்கம் கூட்டிப்போய், உடைந்து பாதியாய் நிற்பதையும் காட்டினேன்.

"பாதியைக் கிருஷ்ணர் சாப்பிட்டுட்டார்."

என் நிலவியல் அத்துடன் முடிந்தது.

இனி மையப் பொருள். கல்லுக்குப் பக்கத்துச் சரிவு வழவழவென்றிருக்கிறது. உளி படாத இந்த மெருகைப் போட்டவை, தலைமுறை தலைமுறையாகச் சறுக்கிய பிள்ளைகளின் பின்புறங்களே என்பது என் துணிபு. இந்த ஊரை 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தவர்கள் இவர்களின் உழைப்பைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. பெரியவன் பதினான்கு முறை சறுக்கினான். பதினைந்தாவதில் துணி தோற்றது. ஆக, பாறை பிள்ளைகளால் தேய்வதைவிடக் கால்சட்டை பாறையால் தேய்வது பன்மடங்கு விரைவு. அளவீட்டைச் சரிபார்க்க உதவியாளனும் ஒருமுறை சறுக்கினான். அந்த முடிவுகளை வெளியிடுவதாக இல்லை.

முதன்மைச் சான்றான கால்சட்டையை என் ஆட்சேபத்தை மீறி என் மனைவி துவைத்துவிட்டாள். பல்லவர் காலத்துப் புழுதி போய்விட்டது. கிழிசல் மட்டும் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் தையற்காரரிடம் கொடுப்பதற்குள் வரவும்.